கொழுப்பைக் கரைக்கும் பழம் உண்டா?

கொடைக்கானலுக்கு நீங்கள் பேருந்தில் போயிருந்தால் பெருமாள்மலையைக் கடந்துதான் போயிருப்பீர்கள். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் மலைச்சாலையும், பழனியிலிருந்து வரும் சாலையும் சேரும் இடம் அது. பேருந்து நின்றதும் குளிர்காற்று முகத்தில் படும். சாலையோரக் கடைகள் கண்ணில் படும். பருவத்திற்கு ஏற்றபடி பேரிக்காய், பிளம்ஸ், மலை வாழை ஆகியவற்றைக் கூடைகளில் குவித்து வைத்திருப்பார்கள்.

அவற்றுள் மூன்று பொருள்களை மட்டும் இன்று நாம் எடுத்துக்கொள்வோம். முதலாவது, 'பட்டர் புரூட்' என்று கூவி விற்கப்படும் வெண்ணெய்ப் பழம். இரண்டாவது, கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கும் மலைப்பூண்டு. மூன்றாவது, இந்த மலைச்சரிவுகளில் நிழல் மரங்களுக்கு அடியில் விளைந்து, வறுத்து அரைத்து வரும் காப்பித்தூள்.

இந்த மூன்றைப் பற்றியும் ஏதாவது ஒரு பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும். "வெண்ணெய்ப் பழம் சாப்பிட்டால் கொழுப்பு கரையும்" என்பார் ஒருவர். "பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறதே, அதைத் தின்றால் கொழுப்பு ஏறாதா?" என்பார் மற்றொருவர். "தினமும் இரண்டு பல் பூண்டு போதும், மாத்திரையே வேண்டாம்" என்பார் வேறொருவர். காப்பியைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

இவற்றில் எது உண்மை? இது வெறும் வம்புப் பேச்சு அன்று. உங்கள் தாத்தாவோ அப்பாவோ இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருக்கும்போது, இத்தகைய பேச்சை நம்பி டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டால், விளைவு மாரடைப்பாகவும் முடியலாம். ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் தேவை. முதலில் கொலஸ்டிரால் என்றால் என்ன என்று பார்ப்போம்.

பித்தக் கல்லில் பிறந்த பெயர்

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் மனிதரின் பித்தப்பைக் கற்களை ஆராய்ந்தபோது, அவற்றில் மெழுகு போன்ற ஒரு வெண்ணிறப் பொருள் இருப்பதைக் கண்டார்கள். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷேல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர் அதற்குப் பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. இவ்விரண்டு சொற்களின் கூட்டே இன்று நாம் சொல்லும் கொலஸ்டிரால். இதன் மூலக்கூறு ஒன்றில் 27 கார்பன் அணுக்களும், 46 ஹைட்ரஜன் அணுக்களும், 1 ஆக்சிஜன் அணுவும் உள்ளன.

கொலஸ்டிரால் நஞ்சு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியுள்ள சவ்வில் அது இருக்கிறது. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களைக் கல்லீரல் அதிலிருந்துதான் செய்கிறது. பல ஹார்மோன்களுக்கும் அதுவே மூலப்பொருள். தோலில் வெயில் படும்போது உண்டாகும் வைட்டமின் டி, கொலஸ்டிராலின் நெருங்கிய உறவினரான ஒரு பொருளிலிருந்து பிறப்பது. கொலஸ்டிரால் இல்லாமல் நீங்களும் நானும் உயிர்வாழ முடியாது.

அவ்வளவு தேவையான பொருள் என்பதால், நாம் அதை உண்டாலும் உண்ணாவிட்டாலும் உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. நம் உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி இவ்வாறு உள்ளேயே தயாரானதுதான். எஞ்சியது முட்டை, இறைச்சி, பால் போன்ற விலங்கு உணவுகளிலிருந்து வருவது. தாவரங்களில் கொலஸ்டிரால் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். அடுத்த முறை கடையில் கடலை எண்ணெய்ப் பொட்டலத்தின் மீது 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வர வேண்டும். எந்தக் கடலையில்தான் கொலஸ்டிரால் இருந்தது?

ஒரு சிறு சோதனை

தேவையான ஒரு பொருள் எப்படி இதயத்துக்குத் தீங்கு செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

மூடியுள்ள ஒரு கண்ணாடிச் சீசாவில் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஒரு கரண்டி எண்ணெயை விட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். சிறிது நேரம் வைத்தால் எண்ணெய் மறுபடியும் மேலே வந்து மிதக்கும். இப்போது கோழி முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு சிறு பகுதியை அதில் இட்டு மீண்டும் குலுக்குங்கள். இந்த முறை எண்ணெய் எளிதில் பிரிவதில்லை. நீர் பால் போல வெளுத்துக் கலங்கி நிற்கும். (சோதனை முடிந்ததும் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.)

நடந்தது என்ன? மஞ்சள் கருவில் லெசிதின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை எண்ணெயை விரும்பும். இந்த மூலக்கூறுகள் ஒவ்வோர் எண்ணெய்த் துளியையும் சூழ்ந்துகொண்டு, எண்ணெய் விரும்பும் முனையை உள்ளேயும் நீர் விரும்பும் முனையை வெளியேயும் வைத்து ஓர் உறை போல நிற்கின்றன.

இரத்தம் பெரும்பாலும் நீர்தான். அதில் கொலஸ்டிரால் கரையாது. ஆகவே நம் உடலும் இதே தந்திரத்தைக் கையாளுகிறது. கொலஸ்டிராலை உள்ளே அடைத்து, லெசிதின் போன்ற பொருள்களாலும் புரதத்தாலும் வெளியே உறை போட்டு, கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு பொதிகளாக இரத்தத்தில் அனுப்புகிறது. இந்தப் பொதிகளில் ஒரு வகைக்கு எல்.டி.எல். என்று பெயர். கல்லீரல் அனுப்பும் கொழுப்புச் சரக்கிலிருந்து உருவாகி, உடலின் மற்றப் பகுதிகளுக்குக் கொலஸ்டிராலைச் சுமந்து செல்வது இதுவே. ஒரே ஓர் எல்.டி.எல். பொதியில் 1,500-க்கு மேற்பட்ட கொலஸ்டிரால் மூலக்கூறுகள் இருக்கும். மற்றொரு வகை எச்.டி.எல். இது உயிரணுக்களில் மிஞ்சிய கொலஸ்டிராலைத் திரட்டிக் கல்லீரலுக்குக் கொண்டுவர உதவுகிறது. டிரைகிளிசரைடு என்பது வேறு. அது நாம் அன்றாடம் சொல்லும் எண்ணெய், நெய் ஆகியவற்றின் கொழுப்பு. அதுவும் இப்படிப்பட்ட பொதிகளில்தான் பயணம் செய்கிறது.

மலைச்சாலையில் நெரிசல்

மே மாதத்தில் பெருமாள்மலைச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிதில் விளங்கும். மேலே ஊருக்குள் வண்டிகள் நிற்க இடம் இருக்கும் வரை எத்தனை வண்டிகள் வந்தாலும் தொல்லை இல்லை. இடம் நிரம்பிவிட்டால் வண்டிகள் சாலையிலேயே வரிசையாக நின்றுவிடும்.

எல்.டி.எல். பொதிகளும் இப்படித்தான். அவற்றை இரத்தத்திலிருந்து வாங்கி இறக்கிவைக்கும் வாயில்கள் உயிரணுக்களின் மேற்பரப்பில், முக்கியமாகக் கல்லீரலில், இருக்கின்றன. வாயில்கள் குறைந்தால் பொதிகள் இரத்தத்திலேயே நாட்கணக்கில் சுற்றும். அப்படிச் சுற்றும்போது அவற்றில் சில இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்க வரும். விழுங்கி விழுங்கி ஊதிப்போய் அங்கேயே மடியும். இவ்வாறு பல ஆண்டுகளில் சுவருக்குள் கொழுப்புத் திட்டு வளர்கிறது. ஒரு நாள் அந்தத் திட்டு வெடித்தால் அதன் மேல் இரத்தம் உறையும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் அதுவே மாரடைப்பு.

இதை முதலில் சோதனையால் காட்டியவர்களுள் ஒருவர் நிக்கொலாய் அனிச்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1913-ஆம் ஆண்டு, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலைச் சில முயல்களுக்குக் கொடுத்தார். அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புத் திட்டுகள் தோன்றின. வெறும் எண்ணெய் மட்டும் உண்ட முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எலிக்கும் நாய்க்கும் இதே உணவைக் கொடுத்தபோது அவ்வாறு நேரவில்லை. அவை மிகுதியான கொலஸ்டிராலைப் பித்தமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. புல் தின்னும் முயலுக்கோ அது பழக்கமே இல்லை. அப்படியானால் மனிதன் முயலைப் போன்றவனா, நாயைப் போன்றவனா? இந்தக் கேள்விக்கு மனிதர்களையே ஆராய்ந்துதான் விடை காண வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ஆம் ஆண்டு 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கும், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், புகை பிடிப்பவர்களுக்கும் மாரடைப்பு அதிகமாக வருவது அங்கே தெளிவாயிற்று.

இரு குழந்தைகள் கற்பித்த பாடம்

ஆனால் சிலருக்கு மட்டும் ஏன் கொலஸ்டிரால் மிகுகிறது? இதற்கு விடை காண வழிகாட்டியவர்கள் இரு குழந்தைகள்.

மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் அமெரிக்க தேசியச் சுகாதார நிலையத்தில் பணியாற்றியபோது, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவளுடைய எட்டு வயதுச் சகோதரனையும் கண்டார்கள். விளையாட வேண்டிய வயதில் அந்தக் குழந்தைகளுக்கு இதய நோய். பிறந்தது முதலே அவர்கள் இரத்தத்தில் கொலஸ்டிரால் பல மடங்கு இருந்தது. புகையோ கவலையோ கொழுத்த விருந்தோ அதற்குக் காரணமாக இருக்க முடியாது அல்லவா?

பிற்பாடு டல்லாஸ் நகரில் இந்நோய் உள்ளவர்களின் தோல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து ஆராய்ந்தபோது மர்மம் விளங்கிற்று. எல்.டி.எல். பொதிகளை வாங்கி இறக்கும் வாயில்களே அந்த உயிரணுக்களில் இல்லை! பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றதால் வந்த வினை இது. இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தப் பழுதைப் பெற்றவர்கள் அபூர்வமானவர்கள் அல்லர். ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வாயில்கள் பாதிதான். வெளியே பார்த்தால் மெலிந்தும் நலமாகவும் இருப்பார்கள். ஆனால் 40 வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஆகவே குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் இருந்தால், அவருடைய பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்திய இதயவியல் சங்கம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், எல்லோரும் 18 வயதில் ஒரு முறை இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது என்றும், இத்தகைய குடும்பங்களில் அதற்கும் முன்பே செய்ய வேண்டும் என்றும் கூறியிருக்கிறது.

இதே காலத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் வேறொரு வழியில் முயன்றுகொண்டிருந்தார். சில பூஞ்சைக் காளான்கள், மற்ற நுண்ணுயிர்கள் கொலஸ்டிரால் வகைப் பொருள்களைத் தயாரிக்க முடியாதபடி தடுக்கும் ஒரு ரசாயனத்தைச் சுரக்கக்கூடும் என்று அவர் எண்ணினார். ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973-இல், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அவர் தேடியது கிடைத்தது. இன்று கோடிக்கணக்கானோர் உட்கொள்ளும் 'ஸ்டாட்டின்' மாத்திரைகளுக்கு அதுவே முன்னோடி.

இந்த மாத்திரை கொலஸ்டிராலைக் கரைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கல்லீரல் கொலஸ்டிரால் தயாரிப்பதை அது குறைக்கிறது. உள்ளே சரக்குக் குறைந்ததும் கல்லீரல் இன்னும் பல வாயில்களைத் திறந்து இரத்தத்திலிருந்து எல்.டி.எல். பொதிகளை வாங்கிக்கொள்கிறது. மலைச்சாலையில் நெரிசல் தீர்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும். இதனால்தான் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

இனிக் கடைக்குத் திரும்புவோம்

இப்போது பெருமாள்மலைக் கடையின் மூன்று பொருள்களையும் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் வெண்ணெய்ப் பழம். இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். பழனி மலைத் தொடரின் கீழ்ப்பகுதியில், தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இந்தப் பழத்தில் 'டி.கே.டி. 1' என்ற ரகத்தையே வெளியிட்டிருக்கிறது. மற்றப் பழங்களில் சர்க்கரை மிகுதி. இதில் கொழுப்பு மிகுதி. ஆனால் அது பெரும்பாலும் ஒலியிக் அமிலம் என்ற, செறிவுறாத வகைக் கொழுப்பு. கொலஸ்டிரால் இதில் இல்லை.

இதைத் தின்றால் எல்.டி.எல். குறையுமா? இரண்டு ஆராய்ச்சிகளைப் பாருங்கள். 2015-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 45 பேருக்கு உணவை அளந்து கொடுத்தார்கள். அவர்கள் வழக்கமாக உண்ணும் செறிவுற்ற கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தினம் ஒரு வெண்ணெய்ப் பழம் வைத்தார்கள். எல்.டி.எல். சராசரியாக 13 மில்லிகிராமுக்கு மேல் குறைந்தது. 2022-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினரிடம், வழக்கமான உணவோடு தினம் ஒரு வெண்ணெய்ப் பழமும் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். குறைந்தது 2 அல்லது 3 மில்லிகிராம் மட்டுமே!

பழம் ஒன்றுதான். பலன் ஏன் மாறிற்று? முதல் ஆராய்ச்சியில் பழம் வேறொன்றுக்குப் பதிலாக வந்தது. இரண்டாவதில் இருந்ததோடு கூடுதலாகச் சேர்ந்தது. இதுவே இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய முதன்மையான செய்தி. எதை உண்கிறோம் என்பதோடு, எதற்குப் பதிலாக உண்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மாலையில் பரோட்டாவும் பஜ்ஜியும் தின்ற பிறகு ஒரு வெண்ணெய்ப் பழச் சாறும் குடித்தால், அந்தப் பழத்தால் என்ன செய்ய முடியும்?

அடுத்து மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மணத்திலும் காரத்திலும் அது தனிச்சிறப்பு உடையதுதான். கொலஸ்டிரால் விஷயத்தில்? அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 192 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சைப் பூண்டும், இரு பிரிவுகளுக்குப் பூண்டு மாத்திரைகளும், ஒரு பிரிவுக்குப் பூண்டே இல்லாத போலி மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: நான்கு பிரிவுகளுக்கும் எல்.டி.எல். அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறு பல சிறிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஓரளவு குறைவதைக் கண்டிருக்கிறார்கள். எப்படியானாலும், மருந்தின் இடத்தைப் பூண்டு பிடிக்க முடியாது. ரசத்தில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைக்கு மாற்றாக மட்டும் எண்ண வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் பூண்டு மாத்திரைகளை எடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்பதும் அவசியம்.

மூன்றாவது காப்பி. இங்கேதான் வியப்பு. காப்பிக் கொட்டையில் கொலஸ்டிரால் இல்லை. ஆனால் அதன் எண்ணெயில் கேபஸ்டால் என்ற ஒரு பொருள் உண்டு. அது எல்.டி.எல். அளவை உயர்த்தக் கூடியது! நார்வே நாட்டின் டிரோம்சோ நகரில் காப்பி மிகுதியாகக் குடிப்பவர்களுக்குக் கொலஸ்டிராலும் மிகுந்திருப்பதை 1983-இல் கண்டார்கள். அங்கே அந்நாளில் காப்பித்தூளை நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டாமலே குடிப்பது வழக்கம். காகித வடிகட்டியில் வடித்தால் கேபஸ்டால் காகிதத்திலேயே தங்கிவிடும். துணியில் வடித்த காப்பியிலும் அது மிகக் குறைவே என்று சிங்கப்பூரிலிருந்து 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. நம் வீட்டு எவர்சில்வர் பில்டரின் துளைகள் காகிதத்தைப் போல அதைத் தடுக்கா. எனினும் படிந்து நிற்கும் காப்பித்தூளே அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மொத்தத்தில், பாத்திரத்தில் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்து அப்படியே குடிப்பதைவிட வடித்த காப்பி நல்லது. அளவாகக் குடித்தால் அஞ்ச வேண்டியதில்லை.

பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி?

வீட்டில் யாருடைய பரிசோதனைத் தாளாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் நான்கு எண்கள் இருக்கும்: மொத்தக் கொலஸ்டிரால், எச்.டி.எல்., டிரைகிளிசரைடு, எல்.டி.எல். எல்லாமே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கும். பல ஆய்வுக்கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை; 1972-இல் பிரீடுவால்டு என்பவரும் அவர் தோழர்களும் கண்ட ஒரு வாய்பாட்டால் கணக்கிடப்படுகிறது. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல். அளவையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்த வாய்பாடு பொருந்தாது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தக் கொலஸ்டிரால் 230. முதல்வருக்கு எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 150. அவருடைய எல்.டி.எல். 230 - 40 - 30 = 160. இரண்டாமவருக்கு எச்.டி.எல். 70, டிரைகிளிசரைடு 100. அவருடைய எல்.டி.எல். 230 - 70 - 20 = 140. மொத்த எண் ஒன்றே. உள்ளே இருக்கும் கதை வேறு. ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தவறு; மகிழ்வதும் தவறு.

நோய் ஏதுமில்லாதவருக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழேயும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழேயும் இருப்பது நல்லது. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவருக்கு எல்.டி.எல். இதைவிட மிகவும் குறைய வேண்டும். அது எவ்வளவு என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

நம் நாட்டுக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. தமிழ்நாடு உள்பட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், 100 பேரில் 72 பேருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது. நூற்றுக்கு 30 பேருக்கு டிரைகிளிசரைடு மிகுதி. தட்டில் சோறு மலை போலவும் பொரியலும் பருப்பும் மிளகு போலவும் இருந்து, நடையும் குறைந்தால் இதுவே நிகழும். 52 நாடுகளில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியின்படி, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுவளவாக 53. பிற நாட்டினருக்கு 59. நமக்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஆபத்து வருகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, கொழுப்பை மாற்றுவது. எல்.டி.எல். வாயில்களைக் குறைப்பதில் உணவிலுள்ள கொலஸ்டிராலைவிடச் செறிவுற்ற கொழுப்புக்கே பெரிய பங்கு. தேங்காய் எண்ணெயில் இது நூற்றுக்கு 90 அளவு. பாமாயிலில் 40-க்கு மேல். கடலை எண்ணெயில் ஏறத்தாழ 20. நல்லெண்ணெயில் 15 அளவு. ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்டிரால் இருந்தாலும், வளரும் மாணவர்கள் நாளுக்கு ஒரு முட்டை தின்பதற்கு அஞ்ச வேண்டாம். கொலஸ்டிரால் மிகுந்த பெரியவர்கள் டாக்டரைக் கேட்டு உண்ணலாம்.

இவை எல்லாவற்றையும்விடக் கெட்டது டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி வனஸ்பதி செய்வதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வினை பாதியில் நிற்கும்போது உண்டாவது இது. எல்.டி.எல்.லை ஏற்றி, எச்.டி.எல்.லையும் இறக்கும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது நூற்றுக்கு 2-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. பிஸ்கட், கேக் உறைகளின் பின்பக்கத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கரையும் நார்ப்பொருள். பீன்ஸ், பட்டாணி, பருப்பு வகைகளில் இது உண்டு. குடலில் இது பசை போலாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும். போனதை ஈடுகட்டக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துப் புதுப் பித்தம் செய்யும். பழனி மலையின் புகழ் பெற்ற பீன்ஸும் பட்டாணியும் வெண்ணெய்ப் பழத்தைவிட மலிவு என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, நடை. ஆஸ்திரிய நாட்டு மலைப் பகுதியில் 45 பேரைக் கொண்டு ஒரு சுவையான ஆராய்ச்சி நடந்தது. இரண்டு மாதம் அவர்கள் வாரத்தில் சில நாட்கள் 540 மீட்டர் உயரம் நடந்து ஏறிக் கம்பிவட வண்டியில் இறங்கினார்கள். அடுத்த இரண்டு மாதம் வண்டியில் ஏறி நடந்து இறங்கினார்கள். ஏறியபோதும் இறங்கியபோதும் எல்.டி.எல். குறைந்தது. ஆனால் டிரைகிளிசரைடு ஏறியபோதுதான் குறைந்தது. மலைவாசிகளே, பள்ளிக்கு நடக்கிற மாணவர்களே, உங்கள் மேடும் பள்ளமும் உங்களுக்கு மருந்து!

நான்காவது, புகையிலையின் பக்கம் போகாதிருத்தல். புகை இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது, எச்.டி.எல்.லையும் குறைக்கிறது.

இவற்றை இப்போதே ஏன் தொடங்க வேண்டும்? கொழுப்புத் திட்டு ஒரே நாளில் வளர்வதில்லை. அதன் முதல் கோடுகள் உங்கள் வயதினரின் இரத்தக் குழாய்களிலேயே காணப்பட்டிருக்கின்றன. இளமையில் குறைவாக வைத்திருப்பவருக்கு முதுமையில் பலன் பெரிது.

பெருமாள்மலைக் கடையில் அடுத்த முறை வெண்ணெய்ப் பழம் வாங்குங்கள். ரொட்டியில் வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவிச் சாப்பிடுங்கள். மலைப்பூண்டும் வாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடம் ஒன்று கேளுங்கள்: "மாத்திரை போட்டுக்கொண்டீர்களா, தாத்தா?" பிறகு இன்னொன்றும் கேளுங்கள்: "நம் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா?" அந்தப் பதில் உங்கள் வீட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.